எழுபத்திரண்டு பிரசர் இல்ல, நானா

தலை நரைச்ச பிறகும் என்னை "சின்னவ" எண்டே கூப்பிட்ட என்ட நானாவுக்கு,

ஸலாம். நீங்க போன பிறகு மனம் விட்டுச் சண்டை பிடிக்க எனக்கு ஆள் இல்ல. அதால எழுதுறன். இது மூடி ஒட்டுற கடிதமும் இல்ல. ஏறாவூர்ல ஆரு வாசிச்சாலும் சரி, ஓட்டமாவடியில ஆரு வாசிச்சாலும் சரி, நல்லா வாசிக்கட்டும். நாங்க விட்ட பிழைய இன்னும் எத்தினை வீட்டில விட்டுக்கொண்டிருக்காங்களோ, ஆருக்குத் தெரியும்?

முதல்ல கடைப் புதினம். உங்கட பம்ப் திருத்துற கடைய இப்ப என்ட மனுசன்தான் பார்க்கிறார். வெள்ளாமை தொடங்கிட்டு. கரடியனாத்தில இருந்தும் செங்கலடியில இருந்தும் வாட்டர் பம்பைத் தூக்கிக்கொண்டு வாறாங்க. வந்து, "ஹனீபா நானா இருந்தா சத்தத்தைக் கேட்டே பிழையச் சொல்லிருப்பார்" எண்டு இவர்ட முகத்துக்கு நேராவே சொல்றாங்க. இவர் பாவம், சிரிச்சுக்கொண்டு ஸ்பேனரைத் தேடுறார்.

ஆனா நான் எழுத வந்தது மதினியப் பற்றி. உங்கட பொண்டாட்டி என்னைப் படுத்தின பாடு கொஞ்சமா?

உங்கட மகன் றிஸ்வி கட்டாரில இருந்து அனுப்பின கைக்கடிகாரத்தில இருந்துதான் தொடங்கணும். பெருநாளைக்கு வந்த பார்சல்ல சவர்க்காரத்துக்கும் பால்மாவுக்கும் நடுவில கிடந்திச்சு. அமத்தினா ஒரு சிவப்பு இதயம் துடிக்கும், பக்கத்தில ஒரு இலக்கம் வரும். நீங்க கட்டின முதல் நாளே எழுபத்திரண்டு. "பாத்தியா சின்னவ, பிரசர் எழுபத்திரண்டுதான். ஆஸ்பத்திரியில நூத்தி எழுபது எண்டாங்க. பாதிகூட இல்ல, நான் நல்லா இரிக்கன்" எண்டு சொல்லிச் சிரிச்சீங்க. நூத்தி எழுபதில இருந்து எழுபத்திரண்டுக்கு இறங்கினா ஆருக்குத்தான் சந்தோசம் வராது?

பிறகு அது கடையில ஒரு வழக்கமாவே போச்சு. வாறவன் பம்பை நிலத்தில வெச்சிட்டுக் கையை நீட்டுவான். நீங்க கடிகாரத்தைக் கழட்டி அவனுக்குக் கட்டி, இதயத்தை அமத்தி, "எண்பது. போ, பிரசர் நல்லா இரிக்கி" எண்டு தீர்ப்புச் சொல்லுவீங்க. பள்ளிவாசல் மோதினார் நீட்டினார், தேத்தண்ணிக் கடைக்காரர் நீட்டினார், நானும் நீட்டினன். ஒருத்தருக்கும் நூறைத் தாண்டல. ஊரே சுகமா இருந்திச்சு!

பிரசருக்கு விழுங்குற குளிசைய நிப்பாட்டினது அப்பதான். நீங்க மட்டுமா? உங்களைப் பார்த்து மதினியும் நிப்பாட்டினா. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லதான் கிளினிக். அந்த நாள் வந்தா, "வரிசையில காயணுமா? டொக்டரை மகன் வீட்டுக்கே அனுப்பிட்டான்" எண்டு மணிக்கட்டைத் தட்டிக் காட்டுவீங்க. மதினிக்குப் பெருமை தாங்காது.

மறுகா அந்தக் காலை. சுபஹு தொழுதிட்டு வந்து கடைக் கதவைத் தொறக்கக்குள்ள சரிஞ்சு விழுந்தீங்க. ஓட்டோவில மட்டக்களப்புக்குக் கொண்டு போறம், உங்கட கை என்ட மடியில கிடக்கு, கடிகாரத்தில இதயம் துடிக்குது, எழுபத்தஞ்சு எண்டு காட்டுது. நான் அதைப் பார்த்துப் பார்த்து, "ஒண்டுமில்ல மதினி, நானாக்கு ஒண்டுமில்ல, பிரசர் நல்லாத்தான் இருக்கு" எண்டு சொல்லிக்கொண்டே வந்தன்.

மூளைக்குள்ள நரம்பு வெடிச்சிட்டு எண்டாங்க. "பிரசர் குளிசை போடுறவரா?" எண்டு டொக்டர் கேட்டார். மதினி உங்கட கையில இருந்து கழட்டின கடிகாரத்தை நீட்டி, "தேவையில்ல சேர், அவருக்குப் பிரசர் எழுபத்திரண்டுதான்" எண்டா. அந்த மனுசன் கடிகாரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்லமாச் சொன்னார், "அது இதயம் நிமிசத்துக்கு எத்தினை தரம் அடிக்குது எண்டு காட்டுறது, உம்மா. பிரசர் வேற." அதைக் கேட்டது நானும் மதினியும் மட்டும்தான். வாட்டுக்கு வெளியில வந்து மதினி என்ட கையை இறுக்கிப் பிடிச்சா. "இது றிஸ்விட காதுக்குப் போகப்படாது. சத்தியம் பண்ணு." பண்ணினன். வேற என்ன செய்ய? உள்ளுக்கு உங்கட உசிர் போய்க்கொண்டிருந்திச்சு.

உண்மையச் சொன்னா, டொக்டர் சொன்னது எனக்கு அண்டைக்கு முழுசா விளங்கல. விளங்கினது உங்கட கடையிலதான். ஒரு நாள் பின்னேரம் இவர் கடைக்குப் பின்னால ஆத்தங்கரையில ஒரு பம்பை ஓட்டிப் பார்த்தார். எஞ்சின் டுக்கு டுக்கு எண்டு ஒரே சீரா ஓடுது. ஆரோ வந்து ஓட்டோவைப் பம்பில இருந்து தண்ணி போற பழைய நீலக் குழாய்க்கு மேல நிப்பாட்டிட்டான். எஞ்சின்ட அடி மாறவே இல்ல, நானா. ஆனா குழாய் பொம்மிப் பொம்மிக் கல்லு மாதிரி இறுகிச்சு. இவர் ஓடிப் போறதுக்குள்ள படார் எண்டு கிழிஞ்சு போச்சு. பம்புக்காரர் தலையைச் சொறிஞ்சுகொண்டு, "சத்தம் நல்லாத்தானே இருந்திச்சு" எண்டார். எனக்கு அதிலயே நிண்டு ஓ எண்டு அழுகை வந்திட்டு.

இதுதானே விசயம்! எஞ்சின் எத்தினை தரம் அடிக்குது எண்டது துடிப்பு. தண்ணி குழாய்ட சுவரை எவ்வளவு பலமாத் தள்ளுது எண்டது பிரசர். முதலாவது சீரா இருக்க ரெண்டாவது தலைக்கு மேல ஏறி நிற்கும். ஆஸ்பத்திரியில கையைச் சுத்திப் பட்டி கட்டிக் காத்தடிக்கிறது இந்த ரெண்டாவதைப் பார்க்கத்தான். அதுக்கு ரெண்டு இலக்கம் வரும். இதயம் பிழிஞ்சு ரத்தத்தைத் தள்ளக்குள்ள வாறது மேல் இலக்கம், இளகி நிற்கக்குள்ள இருக்கிறது கீழ் இலக்கம். ஓடினா, கோவம் வந்தா துடிப்புக் கூடுறது எங்களுக்கே தெரியும், நெஞ்சு படபடக்கும். பிரசர் ஏறிக் கிடக்கிறது அநேகமா ஆளுக்கே தெரியாது. பம்புக்குள்ள இருக்கிற கோளாறு முழுக்கத் தெரிஞ்ச மனுசன் நீங்க. இதை இப்பிடி ஆராவது சொல்லியிருந்தா ஒரு நொடியில பிடிச்சிருப்பீங்களே? ஏன் ஒருத்தரும் சொல்லல?

சரி, மதினிக்கு வாறன். உங்களுக்காக இத்தா இருந்து துக்கம் காத்த மாதங்கள்ல வீட்டை விட்டு வெளிக்கிடல. இத்தா முடிஞ்ச கையோட உங்கட கடிகாரத்தை எடுத்துத் தன்ட கையில கட்டினா. ஆரு சுகம் விசாரிச்சாலும் அதை அமத்திக் காட்டி, "எனக்கு ஒரு குறையும் இல்ல" எண்டுவா. டொக்டர் சொன்னதைத் தன்ட காதால கேட்ட மனுசி! எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு. ஒரு நாள் பிடிச்சு இழுக்காத குறையாக் கிளினிக்குக்குக் கொண்டு போனன். ஒரு கையில கடிகாரம், மற்றக் கையில பட்டி. கடிகாரம் எழுபத்தி நாலு எண்டிச்சு. பட்டி கட்டின நேர்ஸ் மிஸ் முகத்தைச் சுளிச்சா. மேல நூத்தித் தொண்ணூறு, கீழ நூத்திப் பத்து. "இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்க?" எண்டு ஏசி ஏசித்தான் குளிசை எடுத்துத் தந்தா.

பிறகு ஒரு நாள் சீனி எடுக்க அலுமாரியத் தொறந்தன். குளிசை அப்பிடியே கிடக்கு, ஒண்டுகூடப் பிரிக்கல.

"என்னகா மதினி, சாகப் போறீங்களா?" எண்டு கேட்டன். நல்லாச் சத்தம் போட்டுத்தான் கேட்டன்.

மதினி வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தா. தலை நிமிர்த்தல. "நான் குளிசை போட்டா அவன் கேப்பான், வாப்பா ஏன் போடல எண்டு. நான் என்ன சொல்ற? நீ ஆசையா அனுப்பின சாமானை நம்பித்தான் விட்டார் எண்டா? அவன் அங்க தனிய இரிக்கான் புள்ள. இதை நெஞ்சில சுமந்துகொண்டு எப்பிடி வேலைக்குப் போவான்? கடிகாரம் சரி எண்டே இரிக்கட்டும். நான் இரிக்கிற மட்டும் இருந்திட்டுப் போறன்."

"அப்ப உம்மாவையும் சேர்த்துச் சுமக்கட்டுமா?"

மதினி புறங்கையால கண்ணைத் துடைச்சா. வெங்காயமா அழுகையா எண்டு நானும் கேக்கல. அப்பிடியொரு உம்மாவை நான் கோவிக்கிறதா, கட்டிப் பிடிக்கிறதா? நீங்க எண்டா என்ன செஞ்சிருப்பீங்க?

நான் முடிவு எடுத்தன். பண்ணின சத்தியத்தை உடைச்சன். அல்லாஹ் மன்னிப்பான், ஓர் உசிருக்காகத்தானே. ஜும்மா முடிஞ்சு அவனுக்கு ஓய்வு இருக்கிற நேரம் பார்த்துக் கோல் எடுத்தன். "மகன், நீங்க அனுப்பின கடிகாரம் பொய் சொல்லல. அது துடிப்பைச் சொன்னிச்சு. நாங்கதான் அதைப் பிரசர் எண்டு எடுத்துக்கொண்டம்" எண்டு தொடங்கி, வாட்டில டொக்டர் சொன்னது, அலுமாரிக்குள்ள கிடந்த குளிசை, எல்லாத்தையும் ஒரே மூச்சில கொட்டிட்டன்.

அவன் சொன்னான், "தெரியும் மாமி. இங்க கம்பனியில எங்களுக்குப் பிரசர் பாத்தாங்க. வாப்பா போன்ல பிரசர் எழுபத்திரண்டு எண்டு சொன்னது வெறும் துடிப்பு எண்டு பட்டி கட்டக்குள்ளதான் எனக்கு விளங்கிச்சு. அண்டைக்கு நான் சாப்பிடவே இல்ல. உம்மாக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா எண்டு வாயை மூடிக்கொண்டு இரிக்கன்."

கேட்டீங்களா நானா? உம்மாக்குத் தெரியக்கூடாது எண்டு மகன், மகனுக்குத் தெரியக்கூடாது எண்டு உம்மா. உங்கட குடும்பத்துக்கு ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்துறதில இருக்கிற கெட்டித்தனம் குளிசை போடுறதில இல்ல.

நான் போனைக் கொண்டு போய் மதினிட கையில குடுத்தன். முகம் பார்த்துப் பேசுற கோல். "மாமி எல்லாம் சொல்லிட்டா உம்மா" எண்டான். மதினி என்னை ஒரு பார்வை பார்த்தா, நான் எரிஞ்சு சாம்பலாகாதது புதுமை. அவன் அழுதுகொண்டே சொன்னான், "வாப்பாக்கு நான் தெரியாமச் செஞ்சது உம்மா. உங்களுக்குத் தெரிஞ்சுகொண்டே செய்ய ஏலாது. குளிசைய எடுங்க. இப்ப எடுங்க."

மதினி எழும்பிப் போய்க் குளிசைய எடுத்து வந்தா. தண்ணி நான் குடுத்தன். விழுங்கிட்டு, சின்னப் புள்ள மாதிரிப் போனுக்கு முன்னால வாயை ஆ எண்டு தொறந்து காட்டினா. அழுதுகொண்டிருந்த பொடியன் சிரிச்சிட்டான். மறுகா நாங்க மூண்டு பேருமே அழுதம்.

இப்ப நிலைமையச் சொல்றன். ஒரு குளிசையில சரிவரல, டொக்டர் இன்னொண்டு கூட்டித் தந்திருக்கார். போன கிளினிக்கில மேல் இலக்கம் நூத்தி ஐம்பதுக்குக் கிட்ட. இன்னும் இறங்கணும். இறக்குவம். குறைஞ்சிட்டு எண்டு நிப்பாட்டுற கதை இந்த வீட்டில இனி இல்ல. உப்பைக் குறைக்கச் சொன்னதுக்கு என்னோட கோவிச்சுக்கொண்டு கருவாட்டுச் சட்டியத் தூக்கி ஒளிச்சு வெச்சிருக்கா. வெச்ச இடம் எனக்குத் தெரியும். கடையில கை நீட்டுறவங்களுக்கும் இப்ப நான் முகத்துக்கு நேராச் சொல்றன், "துடிப்பு வேற, பிரசர் வேற, போய்ப் பட்டி கட்டிப் பாருங்க" எண்டு. மோதினார் முணுமுணுத்துக்கொண்டே போனார். அவருக்கும் பிரசர் கூடிக் கிடந்திருக்கு. இப்ப வரிசையில மதினிக்குப் பக்கத்தில குந்திக்கொண்டு இருக்கார்.

நானா, மதினி உங்களுக்காக அழாத நாள் இல்ல. "அவர்ட பக்கத்தில போய்ச் சேர்ந்திட்டா நிம்மதி" எண்டு சில நேரம் சொல்றா. நீங்களும் அங்க காத்துக்கொண்டு இருப்பீங்களோ என்னவோ. நான் இங்க இருந்து சத்தியமாச் சொல்றன், இந்தத் தரம் உடைக்க மாட்டன். நீங்க நல்லாப் பொறுமையா இருங்க. மதினி இப்போதைக்கு வர மாட்டா. நான் அனுப்ப மாட்டன்.

துஆவோட,
உங்களோட ஒரே வயித்தில பிறந்த தங்கச்சி,
றஹீமா