பெட்டியடிப் படத்தில் உன்னை நிறுத்தியது

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
18.08.2024

அன்பு மகன் ஜொய்சனுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவருடைய கிருபையால் நானும் தங்கச்சி மேர்லினும் நடமாடுகிறோம், அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ அங்கே சுவிசில் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்கிறேன், உன் நிம்மதியைக் கெடுத்தவனே வந்து கேட்கிறான் என்று அவ நினைப்பாவோ தெரியாது. பதினொரு நாளாக நீ போன் எடுக்கவில்லை. அதில் பிழையில்லை, நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். அதனால்தான் கடிதம். உன் வழக்கறிஞர் கேட்ட சத்தியக்கடதாசியைத் தனி உறையில் போட்டு இதோடு அனுப்புகிறோம். அது அவருக்கு, இது உனக்கு மட்டும்.

உன் அம்மாவின் அடக்கத்தன்று எடுத்த பெட்டியடிப் படத்தில் நீயும் நிற்பது போல நான் செய்து வைத்தது எப்படி என்று நீ கேட்கவேயில்லை, ஏன் என்றுதான் கத்தினாய். இரண்டையும் சொல்கிறேன். எங்கள் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும். பெட்டியை மூடுவதற்கு முதல் பிள்ளைகள் சுற்றி நின்று ஒரு படம் எடுப்போம், மூத்த ஆண்பிள்ளை தலைமாட்டில் நிற்க வேண்டும். மேர்லினின் மாப்பிள்ளை அந்த இடத்தில் வந்து நிற்கப் போனார். நான் செத்தவீடு என்றும் பாராமல் சத்தம் போட்டு அவரை விலக்கிவிட்டேன். அது ஜொய்சனின் இடம், யாரும் நிற்கக்கூடாது என்றேன். அப்படியே ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டுத்தான் எல்லாரும் நின்றோம். படம் வந்த பிறகு எந்தப் பக்கமாகப் பார்த்தாலும் கண் அந்த இடத்தில்தான் போய் விழுந்தது. உன் அம்மாவின் முகத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை மகன்.

ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். அவன் உன் பாஸ்போட் படத்துத் தலையை வெட்டி யாரோ ஒருவனின் கோட்டில் ஒட்டித் தந்தான். தலை பூசணிக்காய் அளவு, கால் நிலத்தில் முட்டவில்லை. முப்பத்திரண்டு வருசம் நில அளவைக் கந்தோரில் காணி வரைபடம் கீறினவன் நான், ஒரு மயிரிழை பிசகினால் ஒருவனின் வளவு மற்றவனுக்குப் போய்விடும் என்று பயந்து வேலை செய்தவன், எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இவனை விட நானே செய்வேன் என்று கிளம்பினேன். இந்த வீறாப்புத்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

காத்தான்குடிப் பிள்ளை ஒன்று, ஸில்மியா என்று பெயர், டவுனில் ஒரு மேல்மாடியில் சனிக்கிழமைகளில் கமராவும் கொம்பியூட்டரில் படம் திருத்துவதும் படிப்பிக்கிறா. அறுபத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தேன். முதல் நாளே படம் ஒட்டப் பழக்குங்கள் என்று கேட்டேன். சேர், ஒட்டுறது கடைசி வேலை, முதல்ல வெளிச்சத்தப் பாக்கப் பழகுங்க என்று சொல்லிப்போட்டா. லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, வெளிச்சம் காணாவிட்டால் எவ்வளவு கூட்டலாம், கூட்டினால் படத்தில் எப்படிப் பொடி மணல் தூவினது போல வரும் என்று இரண்டு மாதம் படித்தேன். மேர்லினின் கமராவோடு காலையும் மத்தியானமும் கல்லடிப் பாலத்தில் நின்று, ஒரே தோணியை வெயிலிலும் மழைமூட்டத்திலும் எடுத்தேன். ஒரே ஆளின் முகம் மத்தியானம் ஒரு நிறம், பின்னேரம் ஒரு நிறம் என்று இவ்வளவு காலம் தெரியாமல் இருந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அம்மா போன பிறகு அந்த இரண்டு மாதமும்தான் நான் நேரத்துக்குச் சாப்பிட்டேன்.

பிறகுதான் உன்னிடம் படம் கேட்டேன். நினைவு மலருக்கு என்று சொன்னேன், அது பொய். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் உன் வலப்பக்கம் இருக்க, கையைக் கட்டித் தலையைக் குனிந்து நில், எடுப்பவர் கமராவை நெஞ்சுக்கு நேரே பிடிக்கட்டும் என்று நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. எங்கள் விறாந்தையில் வாசல் வெளிச்சம் அந்தப் பக்கத்தால்தான் விழுந்தது, படமெடுத்தவர் அந்த உயரத்தில்தான் பிடித்தார். நீ ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஒன்பது படம் அனுப்பினாய். பனி வெளிச்சத்தில் உன் முகம் நீலம் பாய்ந்திருந்தது, அதை எங்கள் வெயிலின் மஞ்சளுக்குக் கொண்டு வரவே நாலு நாள் போனது. தலைமயிரின் ஓரத்தைக் கத்தரித்தது போல இல்லாமல் மெல்லக் கரைத்தேன். பழைய படத்தில் இருந்த பொடியை உன் மேலும் தூவினேன். சப்பாத்துக்கு அடியில் நிழல் வைத்தேன், மேர்லினின் தோளிலும் உன் நிழல் கொஞ்சம் விழ வைத்தேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது நீ வந்து நின்றாய். நான் ஆம்பிளை என்பதை மறந்து அழுதேன்.

ஆறாம் மாதப் பூசைக்கு அந்தப் படத்தை மேர்லின் பேஸ்புக்கில் போட்டாள், போடச் சொன்னது நான். கனடா மாமி அதன் கீழே, கடைசியா மகன் வந்து சேந்திட்டான், அக்கா நிம்மதியாப் போயிருப்பா என்று எழுதினா. இல்லை, அது நான் செய்த படம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஓம், ஆண்டவருக்குத் தோத்திரம் என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். பெருமைதான் மகன், வேறொன்றுமில்லை. என் வேலை அவவை நம்ப வைத்துவிட்டது என்ற பெருமையும், மூத்தவன் வரவில்லையா என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்ற ஆறுதலும்.

ஊருக்குத் திரும்பினால் ஆபத்து என்று ஆறு வருசமாக அகதி வழக்குப் பேசுகிறவன் தாயின் பெட்டியடியில் நிற்கிறானே, எந்தப் பாஸ்போட்டில் போனாய், உன் தகப்பனே ஓம் என்று எழுதியிருக்கிறாரே என்று அந்தப் பேஸ்புக் படத்தைக் கடதாசியில் எடுத்து உன் முன்னால் வைத்துச் சுவிஸ் அதிகாரிகள் கேட்பார்கள் என்று எனக்குக் கனவிலும் தோன்றவில்லை. என்ட வாழ்க்கைய முடிச்சிப்போட்டீங்களே அப்பா என்று நீ சொல்லிவிட்டு வைத்ததிலிருந்து அது காதிலேயே நிற்கிறது. அம்மாவைப் பார்க்க வரமுடியாமல் அங்கே உன் அறைக்குள் இருந்து நீ அழுதது போதாதென்று, வந்தாய் என்ற பழியையும் உன் தலையில் போட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொம்பியூட்டரில் படம் அடுக்கடுக்காக இருக்கும். உன் அடுக்கை மூடினால் நீ மறைவாய், பழைய வெறும் இடம் தெரியும். அதைக் காட்டினாலே அவர்களின் சந்தேகம் தீர்ந்திருக்கும். ஆனால் அந்த இடத்தை இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தெம்பில்லை, எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிவிட்டு அடுக்குகளை அழித்தேன், மூலப் படத்தையும் அழித்தேன். அதை எடுத்தவர் தன்னுடைய மெமரி கார்ட்டில் அதற்குப் பிறகு எத்தனையோ கலியாண வீடு எடுத்துவிட்டார். ஸ்டூடியோக்காரனும் தன் பிரதியை வைத்திருக்கவில்லை. காணி உறுதியின் மூலப் பிரதியை யாராவது எரித்திருந்தால் கந்தோரில் நான் அவனை உயிரோடு விட்டிருக்க மாட்டேன்.

ஸில்மியாவிடம் ஓடினேன். பிள்ளை, என் வேலையில் பிழை கண்டுபிடித்துத் தா என்று கேட்டேன். ஒரு மணித்தியாலம் பார்த்தா. நிழல் சரி, நிறம் சரி, ஓரம் சரி என்று சொல்லிக்கொண்டே போனா. கடைசியில் பெட்டியின் மேல்விளிம்பைப் பெரிதாக்கிக் காட்டினா. தேக்கம் பெட்டி, கண்ணாடி போலப் பொலிஷ். மேர்லினின் வெள்ளைச் சீலை அதில் தெரிகிறது, மாப்பிள்ளையின் சேட் தெரிகிறது, என் வேட்டி தெரிகிறது. நீ நிற்கும் இடத்துக்கு நேரே பின்சுவர் மட்டும்தான் தெரிகிறது. சேர், இதுல மட்டும் மகன் இல்ல என்று மெதுவாகச் சொன்னா. உன் அம்மாவின் பெட்டியை என்னால் ஏமாற்ற முடியவில்லை. அந்த இடத்தைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, ஒவ்வொன்றையும் எப்படிச் செய்தேன் என்று சத்தியக்கடதாசியில் ஏழு பக்கம் எழுதியிருக்கிறேன். ஓம் என்று எழுதியது பொய் என்பதும் அதில் இருக்கிறது. இது போதுமா என்று தெரியாது, வழக்கறிஞர் முயற்சி செய்யலாம் என்று மட்டும்தான் மேர்லினிடம் சொன்னாராம்.

உன்னைப் படமெடுத்த ரதீஸ் தம்பியின் போனில் அந்த ஒன்பது படமும் அப்படியே இருக்கிறதா என்று இன்றைக்கே கேள், மறந்துவிடாதே. நீ எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியதில் திகதியும் இடமும் நிற்காதாம், அவருடைய போனில் நிற்குமாம். நேரத்துக்குச் சாப்பிடு. என்னோடு கோபமாக இரு, ஆனால் தங்கச்சியின் போனை எடு, அவள் ஒரு பிழையும் செய்யவில்லை. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் அம்மாவும் அங்கிருந்து உனக்காகப் பேசட்டும்.

நேற்றுச் சமாதான நீதவானிடம் போனோம். கையெழுத்து வைக்க முதல் சத்தமாக வாசிக்க வேண்டும் என்றார். முழுவதையும் வாசித்தேன், கடைசி வரி மட்டும் வாயில் வரவில்லை, மேர்லின் வாங்கி வாசித்தாள். என் மகன் தன் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை, பெட்டியைத் தொடவில்லை, ஒரு பிடி மண்ணும் போடவில்லை, இது சத்தியம் என்று. அதன் கீழேதான் கையெழுத்து வைத்தேன்.

உன் அப்பா,
ம. ஜெயராஜா