பொய்த் தூரம்

செப்டம்பர் 12, வெள்ளி

இன்னிக்குக் கிருத்திகை. திருப்போரூர் கோயிலுக்குக் கிளம்பச் சொன்னாள் அம்மா. "நான் வூட்டுக்குத் தூரம்மா" என்றேன். பொய். ஏப்ரலுக்கு அப்புறம் எனக்கு வரவே இல்லை. மாசாமாசம் மூணு நாள் மூலையில் தனித்தட்டோடு உட்கார்ந்து நடிக்கிறேன். சுத்தமான நாப்கினைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போடுகிறேன் — பைத்தியம்தானே நான்?

சொல்லிவிட்டால்? அஞ்சு மாசம் தள்ளிப் போச்சு என்றால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான். ஒரு பையனோடு நின்று பேசினதுகூட இல்லை. யாரு நம்புவாங்க? ஸ்கூலை நிறுத்திடுவாங்க. உள்ளே எனக்கு இன்னா கெட்டுப்போச்சோ, அதுவும் தெரியல.

செப்டம்பர் 15

கணக்கு பீரியடைக் கட் அடித்துவிட்டு என் கிளாஸ் சுஷ்மிதாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு கொடுக்கிறவர் ஜன்னலுக்குள்ளிருந்தே கத்தினார்: "மாசம் தள்ளிப் போச்சா? அப்ப மகப்பேறு. கல்யாணம் ஆயிடுச்சா?" வரிசையே திரும்பியது. பின்னால் எங்க தெரு லோகநாயகி அத்தை மாதிரி ஒரு முகம். ஓடியே வந்துட்டேன். ஒரு செருப்பு அங்கேயே போச்சு.

செப்டம்பர் 16

அது அத்தைதானா? கேட் சத்தம் கேட்டாலே ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

ஸ்கூலுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொண்டுவரும் ரேணுகா சிஸ்டர் காதில் சுஷ்மிதா விஷயத்தைப் போட்டுவிட்டாள். துரோகி! (நல்லா இருக்கட்டும்.) சிஸ்டர் திட்டவில்லை. "திங்கக்கெழம மூணு மணிக்கு ஆஸ்பத்திரில உங்க வயசுப் புள்ளைங்களுக்குத் தனி ரூம் கீது. வரிசையில நிக்காத, என் பேரச் சொல்லு. தலை சுத்துதுன்னு அம்மாவ இட்டுக்கினு வா. மத்தத நான் பாத்துக்கறேன்."

செப்டம்பர் 22

"கடைசியா எப்ப வந்துச்சு?" டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார். அம்மா முந்திக்கொண்டாள்: "கிருத்திகை அன்னிக்குங்க. மாசாமாசம் டாண்ணு வந்துடும்." பெருமை வேற!

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். ஐயோ, பொய் சீட்டுல ஏறிடுச்சு. இனி மருந்தும் அந்தப் பொய்க்குத்தானே தருவாங்க? வாயைத் திறக்க முடியவில்லை. அப்போதுதான் சிஸ்டர், "ஒரு கையெழுத்து போடணும், வாங்கம்மா" என்று அம்மாவை வெளியே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"அது பொய் டாக்டர். ஏப்ரல்." அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் கத்தவில்லை. எழுதினதை அடித்துவிட்டு மாற்றி எழுதினார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். சினைப்பையில் நீர்க்கட்டியாம். நிறையப் பேருக்கு வருமாம், மாத்திரையில் சரி பண்ணலாமாம். "அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

நானே சொன்னேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு மாசமா நடிச்சியா? என்னப் பாத்தா இம்மாம் பயமாடி ஒனக்கு?"

"ஆமாம்மா."

பஸ் ஏறினதும் மாத்திரைக் கவரை என் கையிலிருந்து வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 9

மாத்திரை முடிந்து ஒரு வாரத்துக்குள்ள வந்துடும்னு டாக்டர் சொன்னாங்க. ஆறு நாள் ஆச்சு. இன்னும் வரல. திரும்பவும் பயமா கீது.

அக்டோபர் 10, வெள்ளி

கிருத்திகை. அம்மா பூக்கூடையோடு வாசலில் நின்றாள். பாத்ரூமிலிருந்து கத்தினேன், லோகநாயகி அத்தை வீடு வரைக்கும் கேட்டிருக்கும்: "அம்மா, நான் தூரம்!"

"நெஜமாவா?"

"சத்தியமா!"

அம்மா கோயிலுக்குப் போகவில்லை. மூலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தட்டிலேயே கைவைத்துச் சாப்பிட்டாள்.