தோளில் தங்காத பிளாஸ்திரி

நம் மகள் வாங்கி வந்த வலி பிளாஸ்திரியை இன்று காலை முழங்காலில் ஒட்டிக்கொண்டேன். அந்தக் கற்பூர நெடி மூக்கில் ஏறியதும் முதலில் வந்தது உங்கள் மேல் கோபம்தான். நீங்கள் போய் இத்தனை வருஷம் ஆகியும் அது ஆறவில்லை.

1950களில் கொச்சி மட்டாஞ்சேரியில் கல்யாணச் சமையல் என்றால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். பெரிய வெண்கல உருளியில் சக்கப் பிரதமனை, அந்தப் பலாப்பழப் பாயசத்தை, கிளறிக் கிளறி உங்கள் வலது தோள் போயிற்று. யூதர்கள் இருந்த ஜூ டவுன் பக்கத்து மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கி, விளக்கில் லேசாகச் சூடு காட்டி ஒட்டிவிடுவேன். நாலு நாள் எடுக்கக்கூடாது என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்வார். நீங்களோ மறுநாள் விடிவதற்குள் முதுகைக் காட்டிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள்.

“பிரிச்சு எடுடீ. அடுக்களையில சட்டை இல்லாமதானே நிக்கணும்? இதைக் கண்டா சீக்காளின்னு நினைச்சுப்பா. அடுத்த கல்யாணத்துக்கு வேற ஆளை விளிப்பா.”

“துண்டைப் போத்திக்கோங்கோளேன்.”

“அடுப்புல விழும்.”

எதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். ரோமத்தோடு பிய்ந்து வரும்போது அலறல் வேறு, என்னமோ நான் ஆசைப்பட்டுப் பிய்த்த மாதிரி. சாயங்காலம் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, “உன் பிளாஸ்திரி ஒண்ணுக்கும் கொள்ளாது” என்பீர்கள். ஒட்டியிருந்தால் அல்லவா கேட்பதற்கு!

ஒரு முறை நானும் கல்யாண வீட்டுக்கு வந்திருந்தேன். காய் நறுக்கக் குனிந்த உங்கள் கையாளுக்கு வேஷ்டி கொஞ்சம் நழுவியது. இடுப்பில் அதே பிளாஸ்திரி. உங்களோடு வேலை செய்த மற்ற இரண்டு கையாட்கள் இடுப்பிலும் அப்படியே. உங்களுக்குத் தெரியாமல் அவர்கள், ஊருக்குத் தெரியாமல் நீங்கள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

“அவாளுக்கு இடுப்பு, மறைச்சுக்கலாம். எனக்குத் தோளாச்சே” என்றீர்கள்.

1960களில், வேலை இல்லாத ஒரு மத்தியானம், புதிதாக ஒன்று ஒட்டிவிட்டு உள்ளே போனேன். காப்பியோடு திரும்பி வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் உடலைக் குளிப்பாட்டும்போது என் தம்பி அதன் ஓரத்தை நகத்தால் கிளப்பினான். கத்திவிட்டேன்.

“தொடாதேடா! இன்னிக்கு இவர் எங்கேயும் சமைக்கப் போகவேண்டாம். அது இருக்கட்டும்.”

என் காலில் இருப்பதை ராத்திரியே எடுத்துவிடச் சொல்கிறாள் மகள். எடுக்கப்போவதில்லை. நாலு நாள் இருக்கட்டும். ஒரு தடவையாவது நீங்கள் அதை அப்படி இருக்க விட்டிருக்கக்கூடாதா?