லஞ்ச் சீற் வேண்டாம் என்றவளுக்கு

இன்று மத்தியானம் கல்லூரியின் பின்பக்கம் குப்பைக்கு நெருப்பு வைத்திருந்தார்கள். பொலித்தீன் எரியும் மணம் காற்றோடு என் வகுப்பறைக்குள் வந்தது. மாணவிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் யன்னலைச் சாத்திவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அதற்குப் பிறகு என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று நினைவில்லை. உனக்கு எழுதவேண்டும் போலிருந்தது.

நாம் படித்த அதே கல்லூரியில்தான் இப்போது படிப்பிக்கிறேன். குப்பையை எரிக்க வேண்டாம் என்று இரண்டு தரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆசிரியர் அறையில் "ரீச்சர் தொடங்கீற்றா" என்று சிரிக்கிறார்கள். பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. நீ இதே இடத்தில் எப்படி இருந்திருப்பாய் என்று இப்போதுதான் விளங்குகிறது.

இரண்டு வருடம் விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். நீ ஓலைத்தொடுவாய்க் கடற்காரரின் மகள். நான் முருங்கன் வயற்காரரின் மகள். வந்த அன்றே சுவரில் மாதா படத்தை ஒட்டிவிட்டு, "உன்ர சாமிக்கும் இதிலை இடம் கிடக்கு" என்றாய்.

எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு கடையிலிருந்து பார்சலாக வரும். லஞ்ச் சீற் என்ற மெல்லிய பொலித்தீன் தாளில் சோறு, அதற்கு மேல் பத்திரிகைத் தாள். சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கத்துக் குப்பைப் பரலுக்குள் எறிவோம். பின்னேரம் மன்னார்த் தெருக்களில் திரியும் கழுதைகள் வந்து பரலைச் சரித்து, கறி ஒட்டிய பொலித்தீனைச் சோற்றோடு சேர்த்துத் தின்னும். அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை.

ஒருநாள் காலை மதிலோரம் ஒரு கழுதை வயிறு ஊதிக் கிடந்தது. மிருக வைத்தியர் வருமுன்பே செத்துப்போனது. அவர் வெட்டிப் பார்த்தபோது நீ ஒருத்திதான் கிட்டப் போய் நின்றாய். திரும்பி வந்து கட்டிலில் இருந்தாய்.

"வயித்துக்குள்ளை பந்து மாதிரி லஞ்ச் சீற் கிடக்குதடி. நாங்கள் சாப்பிட்டு எறிஞ்சதைத் திண்டுதான் செத்திருக்கு."

அடுத்த நாள் அறை அறையாகப் போனாய். சோறு போட்டுச் சாப்பிட ஆளுக்கொரு கோப்பை கொண்டுவர வேண்டும் என்றாய். கடைக்காரர் சோறு கறியைச் சட்டிகளில் அனுப்புவார். அவரோடும் நீயே போய்க் கதைத்து முடித்திருந்தாய். மிஞ்சும் சோற்றுக்குக் கிடங்கு வெட்டினோம். என் உள்ளங்கை கொப்பளித்தபோது மண்வெட்டியைப் பறித்துக்கொண்டாய். முதலில் பகிடி பண்ணியவர்களும் பிறகு கோப்பையோடு வரிசையில் நின்றார்கள். அந்த மாதங்களில் பரல் சரிந்து கிடந்ததில்லை.

பிறகு மழை பொய்த்தது. குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் ஒருநாள் வந்தால் இரண்டு நாள் வராது. உப்புக் கிணற்றிலும் வாளி சேற்றைத்தான் அள்ளியது. குளிக்கவே தண்ணீர் இல்லாத நேரத்தில் கோப்பை கழுவுவதா என்று முணுமுணுப்புத் தொடங்கியது. விடுதிப் பொறுப்பாளரான மேற்றன் எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார்.

நீ எழும்பி நின்றாய். "மழை வருமட்டும் பொறுப்பம். மண்ணாலை தேய்ச்சிட்டு ஒரு சிரட்டைத் தண்ணியிலை அலசலாம். எல்லாற்ற கோப்பையையும் நான் கழுவித் தாறன்."

பின்னாலிருந்து யாரோ கழுதை மாதிரிக் கத்தினார்கள். கூடமே சிரித்தது.

"பழையபடி பார்சல் எடுப்பம் எண்டுறவை கையை உயர்த்துங்கோ," என்றார் மேற்றன்.

நான் தலையில் தண்ணீர் வார்த்து நாலு நாளாகியிருந்தது. "கழுதைக்காரியின்ர கூட்டாளி" என்று என்னையும் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். தண்ணீர்தான் காரணம் என்று உனக்கு எழுதலாம். ஆனால் அந்தச் சிரிப்புக்குத்தான் நான் பயந்தேன். நிலத்தைப் பார்த்தபடி கையை உயர்த்தினேன்.

அறைக்கு வந்தபின் நீ கேட்டாய்: "கையை உயர்த்தினது பரவாயில்லை. ஏன்டி என்னைப் பாக்கேல்லை?"

நான் மறுபக்கம் திரும்பிக் கட்டில் விரிப்பை உதறினேன்.

அதன்பிறகு நீ மட்டும் வெயிலில் உன் கோப்பையோடு கடைக்கு நடந்தாய். அறைக்குத் திரும்பி எதிர்க் கட்டிலில் இருந்து சாப்பிடுவாய். என் பார்சலைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. ஒருநாள் உன் பொரித்த மீனில் பாதியைப் பிய்த்து என் லஞ்ச் சீற்றில் வைத்தாய். நீ ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

படிப்பு முடிந்து நீ ஊரில் முன்பள்ளிக்குப் போனாய். நத்தாருக்கும் பொங்கலுக்கும் போனில் கதைப்போம். கூடத்தில் கையை உயர்த்திய அந்த நாளைப் பற்றிக் கதைத்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு தரமும் நினைப்பேன். இத்தனை காலத்துக்குப் பிறகு ஏன் என்று விட்டுவிடுவேன். பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. எனக்குச் செய்தி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சொந்தக்காரர்களுக்குக் காட்டினார்.

"இவதான் அந்தப் பிள்ளை. விடுதியிலை எல்லாரும் மாறினாப் பிறகும் இவ ஒராள்தான் என்ர பிள்ளையோடை நிண்டவ. எந்த நாளும் சொல்லுவாள்."

"இல்லையம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் தோளில் முகத்தைப் புதைத்து அழத் தொடங்கிவிட்டார். நான் அவர் முதுகைத் தடவியபடி, "ஓம் அம்மா, ஓம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொல்லி வைத்தாய்? என்னை நல்லவளாகக் காட்டவா, அல்லது நீ அங்கே தனியாக இருக்கவில்லை என்று அம்மா நம்பவேண்டும் என்றா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் என்னால் அதைத் திருத்த முடியவில்லை.

வருடத்தில் ஒரு தரம் ஓலைத்தொடுவாய்க்கு வருகிறேன். அம்மா பிளேன்ரீ ஊற்றித் தந்துவிட்டு அதே கதையைச் சொல்லுவார். நான் அவர் முகத்தைப் பார்த்தபடி கடைசிவரை இருந்து கேட்டுவிட்டு பஸ் ஏறுகிறேன்.