மேல் ஓரத்துப் புள்ளி

அம்மா,

நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். இன்று காலை செவிலிமேட்டில் ஜெராக்ஸ் கடை வாசலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். உள்ளேயிருந்து சூடான காகித வாசனை வந்தது. நம் நெசவாளர் சங்க ஆபீசில் கிளார்க்காக நீங்கள் நோட்டீஸ் அடிக்கும்போது அந்தப் பழைய பிரிண்டர் தள்ளும் முதல் தாளை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வீர்களே, அதே வாசனை. பஸ்ஸை விட்டுவிட்டேன்.

மை தீரப்போகிறது என்று அது விளக்கு காட்டினாலும் புது டப்பா வாங்க விடமாட்டீர்கள். "அண்ணா, வெளிய எடுத்து ரெண்டு பக்கமும் ஆட்டுங்க. இன்னும் ஒரு வாரம் வரும்" என்பீர்கள். நான் ஆட்டுவேன். "அப்படியே தாலாட்டும் பாடிடுய்யா" என்று செயலாளர் கிண்டல் செய்வார். தாள் இழுக்கும் ரப்பர் உருளையை ஈரத்துணியால் துடைப்பதும், மழைக்காலத்தில் தாள்கட்டை பீரோவுக்குள் வைப்பதும் பியூனான என் வேலை. மை மிச்சமாகட்டும் என்று ஒருநாள் நோட்டீஸின் தலையில் இருந்த சங்கத்து மயில் சின்னத்தையே எடுத்துவிட்டீர்கள்.

அந்த மயிலை வைத்துத்தான் தாளுக்குத் தலை எது, கால் எது என்று நான் கண்டுகொண்டிருந்தேன். மேலே சங்கத்தின் பெயர் இரண்டு வரி, கீழே விலாசம் இரண்டு வரி. எழுத்து தெரியாத எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஆபீசில் அது யாருக்கும் தெரியாது. "கண்ணாடி வூட்ல இருக்குதும்மா" என்றே காலத்தை ஓட்டியிருந்தேன். மயில் போன அன்று ஒரு கட்டு முழுக்க ரப்பர் ஸ்டாம்பைத் தலைகீழாகக் குத்திவிட்டேன்.

"யாருய்யா இப்படி குத்தினது?" என்றார் செயலாளர். என் காது எரிந்தது. நீங்கள் தலை நிமிராமலே, "நான்தான் சார் கட்டைத் திருப்பி வெச்சிக் குடுத்துட்டேன். வீணாவாது, பின்பக்கத்துல கணக்கு போட்டுக்கலாம்" என்றீர்கள்.

மறுநாளிலிருந்து எல்லா நோட்டீஸின் மேல் ஓரத்திலும் மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. அதைப் பற்றி நீங்கள் பேசவில்லை. நானும் பேசவில்லை. உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்ததும் எனக்கு நன்றி வரவில்லை, வெட்கம்தான் வந்தது. டீயை மேசையில் வைத்துவிட்டு முகம் பார்க்காமல் ஓடுவேன். "என்னண்ணா, எம்மேல கோவமா?" என்று ஒருநாள் கேட்டீர்கள். "அதெல்லாம் இல்லம்மா, பிளாஸ்க் கழுவணும்" என்றேன். உங்கள் சாவுக்கு வந்து மாலை போட்டபோதும் வாய் திறக்கவில்லை.

போன மாதம், உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் பெண் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவன் தாளைத் தூக்கிப் பார்த்து, "உள்ள மை ஒட்டற டிரம் போயிடுச்சி சார், அதான் புள்ளி வுழுது. இத்த மாத்தறதுக்கு புது மிஷினே வாங்கிடலாம்" என்றான். "சரி, தூக்கிப் போட்டுடலாம்" என்றார் செயலாளர்.

நீங்கள் துடைத்துத் துடைத்து ஓட்டிய மிஷின், எனக்காக வைத்த புள்ளியாலேயே குப்பைக்குப் போக இருந்தது.

"சார், அது ரிப்பேர் இல்ல. எனக்கோசரம் அம்மா வெச்ச புள்ளி."

"உனக்கு எதுக்குய்யா புள்ளி?" என்றார் செயலாளர்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். தலைப்பக்கம் எதுன்னு தெரியறதுக்கு."

மெக்கானிக் சிரித்துவிட்டான். "இன்னா பெர்சு, இத்தினி வருஷமா ஆபீஸ்ல இருந்துக்கினு…" அந்தப் பெண் கம்ப்யூட்டரில் எதையோ திறந்து பார்த்தாள். "ஆமா சார், நோட்டீஸ் ஃபைல்லயே புள்ளி வெச்சிருக்காங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமல், "இருக்கட்டும் சார்" என்றாள். அவன் பையை எடுத்துக்கொண்டு போனான்.

பிரிண்டர் ஓடுகிறது. ஊருக்கெல்லாம் தெரிந்த வெட்கம் இரண்டு நாளில் ஆறிவிட்டது. இன்னொன்றுதான் ஆறவில்லை. உங்களிடம் சொல்லியிருந்தால் "அதுக்கென்னண்ணா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும். முன்பின் தெரியாத ஒரு மெக்கானிக் எதிரில் என்னால் சொல்ல முடிந்தது. உங்களிடம் சொல்லவில்லையே, அம்மா.