கடைசியாக வருபவருக்கே பரிசு

பிப்ரவரி 3, செவ்வாய்

லாட்ஜ் போர்வைகள் மலை மாதிரி வந்தன. இஸ்திரிப் பெட்டி ஒயரில் புகை. சலவைக்கடை முதலாளியம்மா "ஊதி அணை" என்றார். கரண்டை ஊதி அணைக்கச் சொல்லும் மனுஷியிடம்தான் இத்தனை வருடமாக வேலை பார்க்கிறேன்.

(இது போன வருட டைரி. பெயின்ட் கடையில் சும்மா கொடுத்தார்கள் என்று என் வீட்டுக்காரர் வாங்கி வந்தது. ஒரு வரிகூட எழுதாமல் போய்விட்டார். கிழமை ஒன்று தள்ளி இருக்கிறது, அடித்துவிட்டு எழுதுகிறேன். காகிதம் வீணாகக் கூடாது.)

சாயங்காலம் கால்வாய் ஆபீசர் வந்து என் வீட்டுக்காரரின் படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் நோயில் படுத்ததிலிருந்து அது கட்டின இடத்திலேயே கிடக்கிறது. மூட்டை ஏற்றும் இடத்தில் புல் முளைத்துவிட்டது.

"ஏம்மா, இது படகா, தோட்டமா?"

"படகுதான் சார்."

"ஓடாத படகெல்லாம் எடுக்கச் சொல்லிட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள பாலத்துக்கு அந்தப் பக்கம் மஞ்சக் கல்லு வரைக்கும் ஓட்டிக் காட்டுங்க. இல்லன்னா இழுத்துட்டுப் போய் வெட்டிடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்லம்மா."

அவர் கையில் ஒரு கடலைப் பொட்டலம் இருந்தது.

பிப்ரவரி 4, புதன்

நாத்தனார் வந்தாள். கோழிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து எதைப் பார்த்தாலும் எடை போடுகிறாள்.

"வித்துடுங்க அண்ணி. எடைக்குப் போட்டா இரும்பாவது தேறும்."

"உங்கண்ணன் படகுடி."

"அண்ணனே இல்ல. படகு இருந்து என்ன பண்ணப் போகுது?"

அவள் இரண்டு தடவை டீ குடித்தாள். டம்ளரைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போனாள். அண்ணனுக்குத் தப்பாத தங்கச்சி.

அவள் போனதும் கரைக்குப் போனேன். படகில் ஏறவில்லை. ஓரமாக நின்று பார்த்தேன். அவர் டீ குடிக்கும் எனாமல் டம்ளர் ஆணியில் தொங்குகிறது. அடியில் கடைசி டீ காய்ந்து ஒட்டியிருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 7, சனி

கீழ் வீட்டுத் தையல்காரர் ஒருவர் போதும், ரேடியோ வேண்டாம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு டிரைவரைப் பிடிச்சா அரை மணி நேர வேலை தங்கச்சி" என்றார்.

என் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்தில் வேறு ஒருத்தன் உட்காருவதா? மாட்டேன் என்றேன்.

"அப்ப நீயே ஓட்டு."

"நான் ஓட்டினா தெருவே வேடிக்கை பார்க்கும். ஐயோ பாவம்னு பார்ப்பாங்க. எனக்கு அது ஆகாது அண்ணே."

ஊசியை வாயில் கவ்விக்கொண்டு யோசித்தார். பிறகு சொன்னார்: "எல்லாரும் சேர்ந்து கோமாளித்தனம் பண்ணினா உன்னை மட்டும் எவன் பார்ப்பான்? போட்டி வச்சுடலாம்."

படகுப் போட்டி! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று.

பிப்ரவரி 10, செவ்வாய்

நானும் தையல்காரரும் கால்வாய் ஆபீசுக்குப் போனோம். பயத்தில் நான் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டேன். தையல்காரர் உள்ளே போனதும் நாற்காலியைத் துடைத்து ஆபீசரையே உட்காரச் சொன்னார்.

"போட்டி எல்லாம் வச்சுக்குங்க. ஆனா வேகம் கூடாது. அலை அடிச்சுக் கரை கரையும். மனுஷன் நடக்கற வேகத்தைத் தாண்டக் கூடாது."

"அப்ப மெதுவாப் போற போட்டி சார்! சைக்கிள்ல வைப்பாங்களே, அந்த மாதிரி!"

உடனே அங்கேயே சட்டம் போட்டாயிற்று. ஒரு படகுக்கு இரண்டு பேர் வரைக்கும். கரையைத் தொடக் கூடாது, கயிறு கட்டக் கூடாது. மஞ்சள் கல்லுக்குக் கடைசியாக வருபவருக்குப் பரிசு. முதலில் வந்து தொலைக்கிறவர் அடுத்த வருடப் போட்டியைத் தலையில் சுமக்க வேண்டும். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்த பிறகுதான் உறைத்தது. போட்டி அன்றைக்குத்தான் ஆபீசர் என் படகையும் பார்க்கப் போகிறார், ஒரு மணிக்குச் சாப்பிடப் போய்விடுவார். அதற்குள் நான் கல்லைத் தாண்டினால்தான் படகு எனக்கு. எல்லோரும் மெதுவாகப் போகும் போட்டியில் நான் மட்டும் அடித்துப் பிடித்துப் போக வேண்டும். கைதட்டி என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

பேர் கொடுத்தவர்கள்: தையல்காரர், பிளம்பர், பேக்கரி புருஷனும் பெண்டாட்டியும். ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. படகும் கிடையாது.

நாத்தனார் வந்து பட்டென்று சொன்னாள்: "நானும் உங்ககூட ஏர்றேன் அண்ணி. நீங்க முழுகிட்டா துக்கம் கேக்க வர்றவங்களுக்கு யாரு டீ போடறது?"

பிப்ரவரி 15, ஞாயிறு

இன்று படகில் ஏறினேன். எழுதினால் ஒரு வரி. ஏற அரை நாள்.

புல்லைப் பிடுங்கினோம். எஞ்சின் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றது, அது இருமக்கூட இல்லை. சரி, துடுப்புப் போடலாம் என்று ஆளுக்கு ஒன்று எடுத்தோம். எதிரும் புதிருமாக உட்கார்ந்து, அவளவள் தன் பக்கம் வலித்தோம். படகு முதலில் நின்றது. பிறகு யோசித்தது. பிறகு சுற்ற ஆரம்பித்தது. கரையில் இருந்து பிளம்பர் கத்தினார்:

"யாரு வீட்டுக்குப் போறதுன்னு முதல்ல பேசி முடிங்கம்மா!"

அடியில் ஒரு பலகை விட்டுப்போயிருக்கிறது போல, தண்ணீர் ஊறியது. நாத்தனார் ஆணியில் இருந்த டம்ளருக்குக் கையை நீட்டினாள்.

"அதைத் தொடாதே!"

நான் போட்ட சத்தத்தில் கரையில் ஒரு நாய் எழுந்து போனது.

"தண்ணி வருது அண்ணி."

"வரட்டும்."

"வரட்டுமா? முழங்கால் வரைக்கும் வந்தா என்ன பண்ணுவீங்க, காப்பி போடுவீங்களா?"

செருப்பைக் கழற்றி, அதால் இறைத்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளும் செருப்பைக் கழற்றினாள்.

பிப்ரவரி 16, திங்கள்

நாத்தனார் சாதாரணமாகத்தான் சொன்னாள். "எஞ்சின் கிளம்பாதப்ப அண்ணன் என்ன சொல்லும் தெரியுமா? எந்திரிங்க மகாராணி, ஊரே முழிச்சுடுச்சு, அப்படிங்கும். சொல்லிட்டு ஒரு உதை. அந்த உதையில டீசல் அடைப்பு விடும். சின்னப் புள்ளையில அண்ணன்கூடப் போய் எத்தனை தடவை பார்த்திருக்கேன்."

நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

அது என்னோடது. அந்த வார்த்தை என்னோடது. தினமும் விடிஞ்சதும் டீயைக் கொண்டாந்து தலைமாட்டுல வச்சுட்டு என்னை எழுப்பறது அப்படித்தான் — எந்திரிங்க மகாராணி, ஊரே முழிச்சுடுச்சு. எனக்குன்னு சொல்றாருன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அடப் பாவி மனுஷா! அந்த டீசல் நாத்தம் பிடிச்சதும் நானும் ஒண்ணா? அதுக்கு முதல்ல சொன்னியா, எனக்கு முதல்ல சொன்னியா? என்னையும் உதைச்சுப் பார்க்கலாம்னு என்னிக்காவது தோணிச்சா? கேக்கலாம்னா ஆளில்லையே.

இப்போது யாரும் எழுப்பாமலே விடிவதற்கு முன்னால் முழித்துவிடுகிறேன். கண்ணைத் திறக்காமல் கிடக்கிறேன். யார் வரப் போகிறார்கள்?

பிப்ரவரி 18, புதன்

எஞ்சினோடு பேச்சுவார்த்தை இல்லை.

பிப்ரவரி 21, சனி

நாளைக்குப் போட்டி. பிளம்பர் குளியல் தொட்டியில் வருகிறாராம், பாய்மரத்துக்குத் துணி கேட்டார். லாட்ஜ் போர்வை ஒன்றைக் கொடுத்தேன். லாட்ஜில் கேட்டால் நான் செத்துப் போய்விட்டதாகச் சொல்லச் சொல்லி முதலாளியம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

தோள் வலி தாங்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பத்து மணிக்கு ஆபீசர் விசில் ஊதினார். ஒருவரும் நகரவில்லை. ஜனங்கள் கைதட்டினார்கள், பிறகு நிறுத்தினார்கள், பிறகு ஒவ்வொருவராகக் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். தையல்காரர் காலி டிரம்களைக் கட்டி, மேலே குடையை நட்டு, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் முன்னால் வலித்தார், அவர் பெண்டாட்டி பின்னால் வலித்தார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்தச் சண்டை இன்றைக்குத்தான் உபயோகப்பட்டது, படகு இம்மி நகரவில்லை.

நாங்கள் துடுப்பால் பாதி தூரம் வந்தோம். அதற்கு மேல் தோள் ஒத்துழைக்கவில்லை. கயிற்றை இழுத்தேன். எஞ்சின் செத்த மாதிரி கிடந்தது.

இதற்குள் பின்னால் ஒரே கூச்சல். பிளம்பர் காலை நீட்டியதில் தொட்டி அடைப்பான் பிடுங்கிக்கொண்டது. ஊரெல்லாம் ஒழுகலை அடைக்கிறவர், போர்வையோடு தண்ணீருக்குள் போனார். ஐயோ என்று எல்லோரும் எழுந்தோம். அவரும் எழுந்தார். தண்ணீர் இடுப்பு வரைக்கும்தான் இருந்தது. இதற்கா இத்தனை நாள் பயந்தோம்!

திரும்பிப் பார்த்தால், மணி ஒன்றாகப் போகிறது, மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில் ஆபீசர் நாற்காலியை மடித்துக்கொண்டிருக்கிறார்.

"அண்ணி, சொல்லுங்க" என்றாள் நாத்தனார்.

"மாட்டேன்."

"நான் சொன்னா அது கேக்கல. நேத்தே வந்து சொல்லிப் பார்த்துட்டேன்."

"நேத்து வந்தியா?"

"வந்தேன். உதைச்சேன். கால்தான் வீங்கிச்சு. இப்ப அதுவா முக்கியம்? ஆள் கிளம்பிட்டாரு பாருங்க!"

குனிந்து, மெதுவாகச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை.

"கெஞ்சாதீங்க! அண்ணன் கெஞ்சாது!"

எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். பாதியில் விட்டுவிட்டுப் போன மனுஷன் மேலா, இந்த இரும்பு மேலா, தெரியவில்லை. உட்காராமலே ஒரு உதை விட்டேன். "எந்திரிங்க மகாராணி! ஊரே முழிச்சுடுச்சு!" பாலத்தில் மோதி அந்தச் சத்தம் திரும்பி வந்தது. இடுப்பளவு தண்ணீரில் பிளம்பர் அட்டென்ஷனில் நின்றார். கயிற்றை இழுத்தேன்.

கரும்புகை. பிறகு, டுக்கு டுக்கு டுக்கு. எனக்குத் தெரிந்த சத்தம். சாயங்காலமானால் இந்தச் சத்தத்துக்குத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

அவர் இடத்தில் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்தேன்.

கரையில் எல்லோரும், "மெதுவா! மெதுவா! முதல்ல வந்துடப் போறீங்க!" என்று கத்தினார்கள். எஞ்சின் அதிர்ச்சியில் பலகை இன்னும் விட்டு, தண்ணீர் குபுகுபு என்று வந்தது. நாத்தனார் செருப்பால் இறைத்தாள்.

"அண்ணி, செருப்பு போதாது!"

ஆபீசர் சைக்கிள் பூட்டைத் திறக்கிறார்.

"அந்த டம்ளரை எடு."

"எந்த டம்ளர்?"

"எத்தனை டம்ளர் இருக்கு? எடுடி!"

எடுத்தாள். அப்போதும் ஒரு முறை என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் முக்கினாள். காய்ந்த டீ முதல் இறைப்பிலேயே போய்விட்டது. "கழுவி வைக்கிற பழக்கமே கிடையாது இந்த மனுஷனுக்கு" என்று அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே இறைத்தாள். யார் யாரைச் சொல்வது!

மஞ்சள் கல்லைத் தாண்டினோம். ஆபீசர் பார்த்தார், கையைக் காட்டினார். நிறுத்த வேண்டியதுதான். அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நாளும் கிளப்புவதைப் பற்றித்தான் பேசினோம். நிறுத்துவதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

"போதும்மா! பார்த்துட்டேன்! போதும்!" ஆபீசர் கரையோடு ஓடி வந்தார்.

"நிறுத்தத் தெரியாது சார்!"

"எனக்கும் தெரியாதும்மா!"

நாணல் புதருக்குள் போய்ச் சொருகி நின்றோம். நாத்தனார் தலையில் ஒரு கொக்கு இறகு. சிரித்தோம் — வயிறு வலிக்க, மூச்சு முட்ட. அது எங்கே அழுகையாக மாறியது, எங்கே திரும்பிச் சிரிப்பானது என்று சொல்லத் தெரியவில்லை.

ஆபீசர் மூச்சு வாங்க வந்து நின்றார். வேகம் தாண்டினது அவருக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நான் நடந்துதாம்மா வந்தேன்."

பிப்ரவரி 23, திங்கள்

தையல்காரர் நேற்றுக் குடையடியில் தூங்கிப்போய், காற்றுத் தள்ளி, கிளம்பிய இடத்துக்கும் பின்னால் போய்விட்டார். பின்னால் போகக் கூடாது என்று சட்டம் போட யாருக்கும் தோன்றவில்லை. இன்னும் வந்து சேரவில்லையாம், அதனால் அவர்தான் ஜெயித்தாராம். கடையில் உட்கார்ந்துகொண்டே சொல்கிறார். பரிசு, ஒரு மாதத்துக்கு என் கையால் இஸ்திரி. தையல்காரருக்கு எதற்கு இஸ்திரி? அவரிடம் என்னிடம் இருப்பதைவிட நல்ல பெட்டி இருக்கிறது!

அடுத்த வருடப் போட்டி என் தலையில். பிளம்பர் இப்போதே பேர் கொடுத்துவிட்டார். போர்வையைத்தான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

இன்று லாட்ஜ் துணியைப் படகிலேயே கொண்டுபோய்ப் போடுவதாக ஏற்பாடு. நாத்தனார் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட வருகிறேன் என்றிருந்தாள். பலகைக்குத் தார் பூசியாயிற்று. இருந்தாலும் டம்ளர் படகில்தான் இருக்கிறது, தண்ணீர் இறைக்க. டீக்குப் புதிதாக இரண்டு வாங்கினேன்.

விடிந்தது தெரியாமல் தூங்கிவிட்டேன். நானா! கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாக அவள் போட்ட சத்தத்தில்தான் முழித்தேன்.

"எந்திரிங்க மகாராணி, ஊரே முழிச்சுடுச்சு!"

கண்ணைத் திறக்காமல் கொஞ்சம் கிடந்தேன். பிறகு எழுந்து கதவைத் திறந்தேன்.

டீ குடித்தாள். புது டம்ளரையும் கழுவாமல் அப்படியே வைத்தாள். வாய் நிறையத் திட்டிக்கொண்டே கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.