டின் தகரம் என்று சொன்னேன்

2-9-1956, ஞாயிறு

மில் லீவு. பூசாரி அரங்கசாமி காலையிலேயே வீடு தேடி வந்துவிட்டார். விஜயதசமி அன்று நம் ஊர் அம்மன் குதிரை வாகனத்தில் வந்து வாழை மரத்தில் அம்பு போடுவாள் அல்லவா, அந்த அம்புகளை இந்த வருஷம் நான் செய்து தர வேண்டுமாம். பழையதைக் கரையான் தின்றுவிட்டது. ஊர்ப் பொதுவில் காசு இல்லை. "மில்லு பிட்டரு கண்ணு நீ. கையில கெடைக்கறத வெச்சே பண்ணிப்போடுவே" என்றார். ஐஸ் வைக்கிறார் என்று தெரிகிறது. தெரிந்தும் குளிர்கிறது.

போன வருஷம் நடந்ததை நான் மறக்கவில்லை. அம்பு வாழையில் பட்டுத் துள்ளிக் கீழே விழுந்தது. பக்கத்து ஊர்க்காரன் ஒருவன், "ஏனுங், உங்க அம்மன் அம்பு போடறாங்களா, சீமாத்துக் குச்சி போடறாங்களா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களும்தான்.

இந்த வருஷம் குத்தி நிற்கும்.

9-9-1956

மூங்கில் கிடைத்துவிட்டது. கணு நெருங்கிய மெல்லிய குச்சிகள், ஓடைப்பக்கத்தில் சும்மாவே வெட்டிக்கொண்டேன். தணலில் வாட்டி, கோணல் இருக்கும் இடத்தை முழங்காலில் வைத்து நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பார்க்க வேண்டும். பன்னிரண்டில் ஐந்துதான் தேறின. மற்ற ஏழும் அடுப்புக்கு.

இறகுக்காக என் மனைவி ரங்கம்மாளின் பெட்டைக் கோழியைப் பிடித்தேன். ஒரு அம்புக்கு மூன்று இறகு, மூன்றும் ஒரே பக்கத்து இறக்கையில் இருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் போகிற வழியில் அம்பு தடுமாறும். "கோழி முட்டையிடறத நிறுத்திப்போட்டா நீங்கதான் இடோணும்" என்றாள்.

16-9-1956

கழிவு நூலை மெழுகு தேய்த்து இறகுகளைச் சுற்றிக் கட்டியாகிவிட்டது. வில்லுக்கும் புது நாண் முறுக்கினேன். பழைய நாண் துணி காயப்போடத்தான் லாயக்கு.

இனி முனை. வழக்கம் என்னவென்றால் எண்ணெய் டின் தகரத்தை வெட்டி, கூம்பாகச் சுருட்டிச் சொருகுவது. அதனால்தானே துள்ளி விழுகிறது? தகரம் மட்டையில் பட்டதும் மூக்கு மடங்கிவிடும். இதை யோசிக்க ஒரு பிட்டர் வேண்டியிருக்கிறது.

23-9-1956

உக்கடத்தில் யூனுஸ் பாயின் பழைய இரும்புக்கடை. தேய்ந்த அரத்துண்டு ஒன்றைக் காட்டினேன். என்னத்துக்கு என்றார். அம்மன் அம்புக்கு என்றேன். "அப்ப காசு வேண்டாம், எடுத்துட்டுப் போங்க" என்று கையில் வைத்துவிட்டார்.

அரத்தைப் போல நல்ல எஃகு எங்கே கிடைக்கும்! அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் வெட்ட இளகும். ஹாக்ஸாவால் அறுத்து, ராவி, மறுபடி காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். வேப்பிலையைவிட ஒடுங்கிய முனை. ஐந்து அம்புக்கு ஐந்து முனை செய்ய அரம் போதாது. ஒன்றுதான். அம்மன் முதலில் விடும் அம்புக்கு. மற்ற நான்குக்கும் தகரம்.

30-9-1956

பூசாரி வந்து பார்த்தார். எஃகு முனையை விரலால் தடவிவிட்டு, "இது வேண்டாங் கண்ணு. மொனை மழுக்கலா இருக்கட்டும். பேருக்கு ஒரு அம்பு, அவ்வளவுதான். அஞ்சுக்கும் டின் தகரமே போதும்" என்றார்.

சரிங்க, மாத்திப்போடறேன் என்றேன்.

மாற்றவில்லை. அவர் போனதும் புழக்கடை வாழையில் பத்தடி தள்ளி நின்று விட்டுப் பார்த்தேன். உள்ளே இறங்கி, மறுபக்கம் முனை அரை விரல் எட்டிப் பார்த்தது. சந்தோஷத்தில் விசிலடித்தேன். எடுத்து முனை மேல் கரி பூசி வைத்தேன். கறுப்பாக இருந்தால் தகரமா எஃகா என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

5-10-1956

காப்புக் கட்டியாகிவிட்டது. இனி பத்து நாளைக்கு ஊர்க்காரர் எவரும் ராத்திரி எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது.

என் தங்கை சுப்பாத்தாளின் வீட்டுக்காரர் ஆறுச்சாமி சாயங்காலம் வந்தார். மதுக்கரை சிமெண்ட் பாக்டரியில் அவருக்கு நாளையிலிருந்து மூன்று ராத்திரி ஷிப்டு. லீவு கேட்டுக் கிடைக்கவில்லை. "என்னுங்க மச்சான் பண்ணட்டும்? இந்த வருஷம் வாழை புடிக்கிற முறையும் எங்கூட்டுக்குத்தான்" என்றார். அம்பு படும்போது சாயாமல் இருக்க வாழையைப் பின்னால் நின்று ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். வீட்டுக்கு வீடு முறை.

"வேலையத் தொலைச்சுப்போட்டு வாழை புடிப்பீங்களா மாப்பிள்ளை? போயிட்டு வாங்க. யாரு பாக்கறாங்க" என்று நான்தான் சொன்னேன்.

14-10-1956, விஜயதசமி

குத்தி நின்றது. வாழையில் அல்ல.

15-10-1956

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

குருத்து வாழை. என் புழக்கடை மரத்தைவிட மெல்லியது. முதல் அம்பு ஓரமாகப் பாய்ந்து மட்டையைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. அந்தப் பக்கம் ஆறுச்சாமி இருந்தார். இடது கண்.

புழக்கடையில் மறுபக்கம் முனை எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேனே. பார்த்துவிட்டு விசிலடித்தேனே! பின்னால் ஒரு ஆள் நிற்பான், அது யார் என்று ஐந்தாம் தேதியே தெரியும். ஏண்டா அப்போதுகூடத் தோன்றவில்லை? அட மடையா, மடையா.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. சுப்பாத்தாள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பதினோரு வயது முத்தாத்தாள் அவள் மடியில் தூங்கிவிட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

17-10-1956

கண் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இங்கே இல்லாவிட்டால் வேறெங்கே எழுதுவது. அன்று கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அம்பு மண்ணில் கிடந்தது. நான் எடுத்தேன். முனையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டேன். ஊர்ப் பெரியவர்கள் கேட்டார்கள்: "திருமூர்த்தி, என்ன மொனை போட்டிருந்தே?"

டின் தகரம் என்று சொன்னேன்.

20-10-1956

பூசாரி கோயிலில் வைத்துச் சொன்னாராம். டின் தகரம் வாழையைக் கிழித்துக்கொண்டு போகுமா? போன வருஷம் துள்ளி விழுந்த அதே தகரம்தானே? அம்மன் கோபம் இல்லாமல் இது நடக்குமா? அப்புறம் யாரோ விசாரித்திருக்கிறார்கள். காப்புக் கட்டிய பிறகு ஆறுச்சாமி மூன்று ராத்திரி மதுக்கரையில் இருந்தது தெரிந்துவிட்டது.

சாமி குத்தம் என்று ஊர் முழுக்கப் பேச்சு.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

21-10-1956

சொல்லவில்லை.

4-11-1956

ஆறுச்சாமி வீட்டுக்கு வந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் காப்ப மீறுனது தப்புங்க மச்சான். அம்மன் கண்ணோட விட்டாளே" என்றார். அவருக்கே அதில் ஒரு சந்தேகமும் இல்லை. போகச் சொன்னது நான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்துவிட்டாரா, எனக்காக மறைக்கிறாரா?

ரங்கம்மாள் எனக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன், சாப்பிட்டேன்.

3-10-1957, விஜயதசமி

ஆறுச்சாமி கோயிலைச் சுற்றி உருண்டார். வெள்ளியில் கண்மலர் வாங்கி அம்மனுக்குச் சாத்தினார். பாக்டரியில் இப்போது அவருக்குச் சாக்குத் தைக்கும் இடத்தில் வேலை. பத்து நாளும் சம்பளம் இல்லாமல் லீவு போட்டு எல்லை தாண்டாமல் இருந்திருக்கிறார்.

அம்பு நான்தான் செய்தேன். ஐந்துக்கும் தகரம். துள்ளி விழுந்தது. பக்கத்து ஊர்க்காரன்கூடச் சிரிக்கவில்லை.

30-9-1960

இந்த வருஷமும் உருண்டார். சட்டை இல்லாத முதுகில் கல் குத்திய தடம். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

12-3-1962

டூல் பெட்டியில் ரென்ச் தேடும்போது அது கையில் தட்டுப்பட்டது. துரு ஏறவில்லை. எண்ணெய் போட்டுத் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன், இத்தனை வருஷமும். ஏன் தூக்கி எறியவில்லை? கிணறு இல்லையா, குளம் இல்லையா? வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்ற எண்ணம் இன்னும் எனக்குள் இருக்கிறது. அதை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

23-8-1964, ஞாயிறு

முத்தாத்தாளுக்குப் பார்த்த அந்தியூர்ப் பக்கத்து இடம் தட்டிப்போய்விட்டது. பையன் நல்ல பையன். பெண்ணையும் பிடித்திருந்தது. தேதி குறிக்கும் நேரத்தில் யாரோ காதில் போட்டிருக்கிறார்கள், சாமி குத்தம் பட்ட வீடு என்று. சாமி கண்ணைப் பறித்த வீட்டில் எப்படிச் சம்பந்தம் வைப்பது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சுப்பாத்தாள் வந்து அழுதாள். "இது மூணாவது எடமுங்கண்ணா. அவ என்ன பாவம் பண்ணுனா?"

மூன்றாவது! முதல் இரண்டை என்னிடம் சொல்லவே இல்லை.

எட்டு வருஷம் அது ஆறுச்சாமியின் கண்ணோடு போயிற்று என்று இருந்துவிட்டேன். இனி அந்தப் பெண்ணின் தலையிலும் விடியட்டும் என்று விடவா? தாய்மாமனடா நீ.

30-8-1964

சொல்லிவிட்டேன்.

முனையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். சுப்பாத்தாள் காப்பி கொடுத்தாள். முத்தாத்தாள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். துணியைப் பிரித்து ஆறுச்சாமி கையில் வைத்தேன். இது தகரம் இல்லை மாப்பிள்ளை, அரம், பூசாரி வேண்டாம் என்றும் கேட்காமல் நான் செய்தது, அன்று மறைத்துவிட்டேன் என்றேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தது எல்லாம் போய், இவ்வளவுதான் வாயில் வந்தது.

அவர் அதை ஒற்றைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். நுனியில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். ரத்தம் வந்தது.

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தால்கூட நல்லது என்று இருந்தது. மெதுவாகத்தான் பேசினார். "அம்மன் கேட்டாங்க, குடுத்தேன்னு எட்டு வருசமாச் சொல்லிட்டிருந்தனுங்க மச்சான். அதச் சொல்லிச் சொல்லித்தான் இந்தக் கண்ணு இல்லாம இருந்துட்டேன். நீங்க கேட்டிருந்தா நான் குடுத்திருப்பனா?"

அவருடைய கண்ணை எடுத்தேன், சரி. அதற்கு அவர் வைத்திருந்த ஆறுதலையும் இன்று எடுத்துவிட்டேன்.

சுப்பாத்தாள் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பாதிக் காப்பி அப்படியே இருந்தது.

6-9-1964

கோயிலில் ஊரார் முன்னால் சொன்னேன். முனையை எல்லோரும் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். பூசாரிக்கு வயதாகிவிட்டது. "வேண்டாம்னு சொன்னனே கண்ணு" என்றார். "நானல்லோ அவன் மேல சாமி குத்தம்னு சொல்லிப்போட்டேன்." திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழுதார். அவரையும் சேர்த்துத்தான் கெடுத்திருக்கிறேன்.

அபராதம் போட்டார்கள். இனி அம்பு வேலை எனக்கு இல்லை. அந்தியூர்ப் பக்கத்துக்கு ஊர் சார்பில் இரண்டு பேர் போய் நடந்ததைச் சொல்லி வருவது என்று முடிவானது.

7-10-1964

நேற்றுக் காப்புக் கட்டு. சாயங்காலம் மில்லிலிருந்து சைக்கிளில் வரும்போது எதிரே மதுக்கரை பஸ். ஜன்னல் ஓரத்தில் ஆறுச்சாமி, மடியில் சோற்றுத் தூக்குப்போசி. ராத்திரி ஷிப்டு. எட்டு வருஷத்துக்குப் பிறகு, காப்புக்கு நடுவே எல்லை தாண்டிப் போகிறார். இறங்கி நின்று கையைத் தூக்கினேன். பஸ் நிற்காமல் போயிற்று.

15-10-1964, விஜயதசமி

ஆறுச்சாமி கோயிலுக்கே வரவில்லை.

23-5-1965

சுப்பாத்தாள் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு என் வாசலில் அவள் கால். அந்தியூர் இடமே கூடி வந்துவிட்டது. ரங்கம்மாளைப் பார்த்துத்தான் பேசினாள். "பொண்ணுக்கு மாமன் பட்டம் அண்ணந்தான் கட்டோணும். பங்காளிகள்ல ஆரையாச்சும் வெச்சுக்கலாம்னு சொன்னேன். அவருதான் ஒத்துக்கல. மொறை மொறைதான்னு போட்டாரு."

"மாப்பிள்ளை வேற ஏதாச்சும் சொன்னாரா அம்மணி?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதானுங்க" என்றாள். அண்ணா என்று கூப்பிடவில்லை.

3-6-1965, வியாழன்

கல்யாணம் நன்றாக நடந்தது. மழை இல்லை. சாப்பாட்டில் குறை இல்லை. முத்தாத்தாள் நெற்றியில் பட்டம் கட்டினேன். முடிச்சு நழுவியதைப் பார்த்து, "மெதுவாக் கட்டுங்க மாமா" என்று கிசுகிசுத்தாள். அவள் சிரித்த முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆறுச்சாமி எனக்குப் பக்கத்திலேயே நின்றார், கை எட்டும் தூரத்தில், தாலி கட்டி முடியும் வரைக்கும். எனக்கு இடது பக்கத்தில் நிறைய இடம் இருந்தது. அவர் வலது பக்கத்தில், போன இடது கண் என் பக்கம் இருக்கும்படி நின்றார்.